இருபது நிமிடப் பாட்டுக்கு யார் இருந்து கேட்பது?

றொக் இசை என்றதும் எங்கள் பக்கத்தில் பலருக்கும் நினைவுக்கு வருவது நீண்ட தலைமுடியும் காதைக் கிழிக்கும் கிற்றாரும்தான். அதற்குள்ளே 'புரோகிரசிவ் றொக்' என்று ஒரு கிளை இருக்கிறது. 1960களின் கடைசியில் இங்கிலாந்தில் முளைத்தது. மூன்று நிமிடத்தில் முடியும் காதல் பாட்டு போதாது, ஒரு கதையை, ஒரு மனநிலையை நின்று நிதானமாகச் சொல்லவேண்டும் என்று நினைத்த இளைஞர்களின் இசை அது. 1969 இல் கிங் கிரிம்சன் என்ற குழுவின் முதல் இசைத்தட்டு வந்தது. 1972 இல் யெஸ் என்ற குழு ஒரே பாட்டால் இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் நிரப்பியது. 18 நிமிடங்களுக்கு மேல். அதே ஆண்டு ஜெனிசிஸ் குழு ஒரு பாட்டை ஏறத்தாழ 23 நிமிடங்களுக்கு நீட்டியது.

தாளமும் வழமையான நாலில் நிற்காது. ஐந்து, ஏழு, ஒன்பது என்று மாறும். பிங்க் ஃபுளொயிட் குழுவின் 'மணி' என்ற பாட்டின் பெரும்பகுதி ஏழில் போகிறது. மேற்கில் அதை ஒரு புதுமையாகப் பேசினார்கள். மிச்ர சாப்பு தெரிந்த எங்கள் சங்கீத ரீச்சர்மாருக்கு அதைப் போட்டுக் காட்டினால் தொடையில் தட்டிக்கொண்டு இருப்பார்கள், அவ்வளவுதான். அந்தப் பாட்டு இடம்பெற்ற 1973 ஆம் ஆண்டு இசைத்தட்டு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 1988 வரைக்குள் 741 வாரங்கள் இருந்தது. ஆனால் நான் எழுத வந்தது அப்படிப் பெரிதாக வென்றவர்களைப் பற்றி அல்ல. அதே வகை இசையை வாசித்து, ஐம்பது பேர் முன்னால் மேடையேறி, வாகன வாடகைக்கும் காணாமல் வீடு திரும்பும் குழுக்களைப் பற்றி.

காத்தான்குடியில் இருந்துகொண்டு இதை எழுதுவது சிலருக்கு வேடிக்கையாக இருக்கும். நான் இளவயதில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் ஒரு கடையில் வேலை செய்தவன். கல்யாணம், கட்சிக் கூட்டம், பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி என்று பெட்டி தூக்கித் திரிந்தேன். கட்டாரில் இருந்து லீவில் வந்த ஒரு காக்கா விட்டுச்சென்ற கசெற்றுகளில் இரண்டு இந்த வகை. புதிய பெட்டிகளைப் பரிசோதிக்க அதைத்தான் போடுவோம். மெல்லிய சத்தமும் இருக்கும், இடியும் இருக்கும். வாப்பா ஒருநாள் கடைக்கு வந்து முழுப் பாட்டையும் கேட்டுவிட்டு, "மகன், இதுக்குள்ள எத்தின பாட்டுடா இருக்கு?" என்றார். இந்த இசைக்கு அதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் இதுவரை எங்கும் வாசித்ததில்லை.

இசை ஆகுமா ஆகாதா என்ற வாதம் எங்கள் ஊரில் பழையது, சில காலங்களில் கடுமையானது. அதற்குள் நான் இங்கே போகவில்லை. நோன்பு காலத்தில் றபானைத் தட்டிப் பைத் பாடிக்கொண்டு சஹருக்கு எழுப்பிய பக்கீர் பாவாமாரும், கம்படி பழக்கிய அண்ணாவிமாரும் இந்தக் கரையில் இருந்தவர்கள்தான் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

இப்போது காசு விசயம். கைத்தொலைபேசியில் பாட்டுக் கேட்டால் பாடியவருக்குப் பணம் போகிறது என்று பலர் நம்புகிறார்கள். ஸ்பொட்டிஃபை 2021 பெப்ரவரியில் இலங்கைக்கு வந்தது. அதன் கணக்கில் ஒருவர் ஒரு பாட்டை 30 செக்கன் கேட்டால் ஒரு 'கேட்பு'. அந்தப் பாட்டு இரண்டு நிமிடமாக இருந்தாலும் இருபது நிமிடமாக இருந்தாலும் கேட்பு ஒன்றுதான். அதாவது இருபது நிமிடப் பாட்டை முழுதாகக் கேட்கிற நேரத்தில், இரண்டு நிமிடப் பாட்டுப் போடுபவருக்குப் பத்துக் கேட்பு விழுந்துவிடும். அதற்கும் மேலே, 2024 இலிருந்து, 12 மாதத்துக்குள் 1000 தடவையாவது கேட்கப்படாத பாட்டுக்கு எதுவுமே கிடையாது என்று அந்த நிறுவனம் விதி கொண்டுவந்தது. பெயர் தெரியாத, நீண்ட பாட்டு வாசிக்கிற குழுவுக்கு இது இரட்டை அடி. ஆகவே அவர்களுக்கு மிஞ்சுவது மேடை ஒன்றுதான். நேரில் வருகிறவர் வாங்கும் ரிக்கெற்றும், வாசலில் மேசை போட்டு விற்கும் இசைத்தட்டும் ரீ-சேட்டும்தான் அவர்களின் அடுப்பை எரிய வைக்கின்றன.

இதைச் சரிசெய்ய முதலில் வழி கண்டவர்களும் இதே வகைக் குழுவின் ரசிகர்கள்தான். மரிலியன் என்று இங்கிலாந்தில் ஒரு குழு. 1985 இல் அவர்களின் ஒரு பாட்டு பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம்வரை போனது. பிறகு பாடகர் விலகினார், புதியவர் வந்தார், பெரிய இசைத்தட்டு நிறுவனமும் கைவிட்டது. 1997 இல் புதிய இசைத்தொகுப்பு வந்தபோது அமெரிக்காவுக்குப் போய் வாசிக்கக் காசில்லை. போனால் 60,000 டொலர் அளவு நட்டம் வரும் என்று கீபோட் வாசிப்பவர் ரசிகர்களுக்கு எழுதினார். இணையம் அப்போதுதான் தவழ்ந்துகொண்டிருந்த காலம். குழு கேட்காமலே ரசிகர்கள் தங்களுக்குள் ஒரு கணக்குத் திறந்து அந்தத் தொகையைச் சேர்த்தார்கள். மரிலியன் அமெரிக்கா போய் வாசித்தது.

அந்தப் பாடத்தை வைத்துக்கொண்டு குழு அடுத்த துணிச்சலான வேலையைச் செய்தது. இன்னும் எழுதாத இசைத்தொகுப்புக்கு முன்கூட்டியே காசு தருவீர்களா என்று கேட்டது. 12,000 க்கும் மேற்பட்டவர்கள் கொடுத்தார்கள். அந்தப் பணத்தில் 2001 இல் தொகுப்பு வெளியானது. 2004 இல் வந்த 'மார்பிள்ஸ்' தொகுப்பின் கையேட்டில் முன்பணம் கட்டியவர்களின் பெயர்களை அச்சிட்டார்கள். இன்று எல்லோரும் 'கிரவுட் ஃபண்டிங்' என்கிறார்களே, அதற்குப் பேர்போன கிக்ஸ்டாட்டர் நிறுவனம் வந்தது 2009 இல்தான்.

இந்தக் கதையை முதலில் படித்தபோது எனக்கு வியப்பு வந்ததைவிட, இதை எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்ற எண்ணம்தான் வந்தது. எங்கே என்று யோசித்தால், பக்கத்து ஊர். மட்டக்களப்புக் கூத்து வேறு எப்படி நடந்தது? ஊரவர் கூடி, அண்ணாவியாரை அழைத்து, சட்டங் கொடுப்பார்கள். யார் யாருக்கு எந்தப் பாத்திரம் என்று ஏட்டைப் பிரித்துக் கொடுப்பது அது. பிறகு மாதக்கணக்கில் பழக்கம். சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல், அதன் பின்னர் வட்டக்களரியில் விடிய விடிய அரங்கேற்றம். அதோடும் முடிவதில்லை. அரங்கேறிய கூத்தை வீட்டுக்கு வீடு கொண்டுபோய் ஆடுவார்கள். வீட்டுக்காரர் காசோ பொருளோ கொடுத்து அனுப்புவார். ஆடுபவரும் கைக்காசு போடுவார், பார்ப்பவரும் போடுவார். இராகமும் தாளக்கட்டும் பாத்திரத்துக்குப் பாத்திரம் மாறும். வடமோடி அரசனின் வரவும் தென்மோடி அரசனின் வரவும் ஒன்றாக இருக்காது. நீண்ட நேரம், மாறும் தாளம், முழுக்கதை, ஊர்க்காசு. இங்கிலாந்துக்காரர் 1969 இல் கண்டுபிடித்ததில் பாதியை ஆரையம்பதியிலும் சீலாமுனையிலும் அவர்களின் தாத்தாமார் காலத்திலேயே செய்துகொண்டிருந்தார்கள். (இதைச் சொன்னால் கூத்துக்காரருக்கும் கோபம் வரும், றொக் ரசிகருக்கும் கோபம் வரும். வரட்டும்.)

கூத்தை மேடைக்கு ஏற்றபடி சுருக்கிச் செம்மைப்படுத்தியவர் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன். 1962 இல் கர்ணன் போர், பின்னர் இராவணேசன். அவரோடு அன்று ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னர் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களைப் பற்றிப் பெரிய ஆய்வையே செய்தார். ஊருக்குள்ளேயே, ஊரவரோடு சேர்ந்து கூத்தை மீளுருவாக்கும் முயற்சியைச் சீலாமுனையில் சி. ஜெயசங்கரும் அவரோடு இருந்தவர்களும் செய்தார்கள். இந்த இரண்டு வழிகளில் எது சரி என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. என் நோக்கில், மேடைக்குச் சுருக்கிய கூத்து கொழும்பையும் வெளிநாட்டையும் அடைந்தது. ஆனால் வீட்டுக்கு வீடு காசு சேர்க்கும் பழக்கத்தை அது கூடவே கொண்டுபோகவில்லை. அந்தப் பழக்கம்தான் எனக்கு இப்போது முக்கியமாகத் தெரிகிறது.

இந்தியப் பக்கம் பார்த்தால் இரண்டு குழுக்களைச் சொல்லலாம். கொச்சியில் 1996 இல் தொடங்கிய மதர்ஜேன்; அதன் கிற்றார் கலைஞர் பைஜு தர்மஜன் கர்நாடக கமகங்களைக் கம்பியில் வளைத்து வாசித்தவர். 2008 இல் வந்த அவர்களின் 'மக்தூப்' தொகுப்பைக் கேட்டுப்பாருங்கள். மற்றது பெங்களூரின் அகம், 2003 இலிருந்து. கர்நாடகக் கீர்த்தனைகளை இந்த நீண்ட றொக் வடிவத்துக்குள் வைப்பவர்கள். குழுவினர் பல ஆண்டுகள் பகலில் கணினி நிறுவனங்களில் வேலை பார்த்து, மாலையிலும் வார இறுதியிலும் வாசித்தவர்கள். முதல் தொகுப்பு வெளிவர 2012 ஆயிற்று, ஒன்பது ஆண்டுகள். கொழும்பில் ஸ்டிக்மாட்டா என்ற குழு 2003 இலிருந்து தொகுப்புகள் வெளியிட்டு வந்தது. கொஞ்சம் முரட்டு இசை. ஆனால் நீளமும் தாள மாற்றமும் இந்தக் குடும்பம்தான். கொழும்பில் இருந்து காத்தான்குடிக்கு முன்னூறுக்கு மேற்பட்ட கிலோமீற்றர். அது ஒரு காலத்தில் சோதனைச் சாவடிகளால் அளக்கப்பட்ட தூரம்.

இங்கேதான் எங்கள் கதை மற்றவர்களின் கதையிலிருந்து பிரிகிறது. நேரடி நிகழ்ச்சிக்கு முதலில் தேவைப்படுவது இரவு. இரவில் வீட்டை விட்டு வெளியே போகலாம், திரும்பி வரலாம் என்ற நம்பிக்கை. 1990 ஆகஸ்ட் 3 ஆம் திகதி இஷாத் தொழுகை நேரத்தில் எங்கள் ஊர்ப் பள்ளிவாசல்களில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த மாதம் 9 ஆம் திகதி சத்துருக்கொண்டானில் குழந்தைகள் உட்பட நூற்றி எண்பதுக்கும் மேற்பட்ட தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். அதன்பிறகு இந்த வாவிக்கரையில் ஓர் ஊரவர் அடுத்த ஊரின் இரவுக்குள் போவது நின்றுபோனது. சின்ன வயதில் ஆரையம்பதிக்குப் போய் விடிய விடிய மணலில் இருந்து கூத்துப் பார்த்த கதையை வாப்பா சொல்வார். யார் எந்தப் பாத்திரம் கட்டினார்கள் என்றுகூடச் சொல்வார். எனக்கு அப்படிச் சொல்ல ஒரு கதையும் இல்லை. ஐந்து நிமிடச் சைக்கிள் தூரம் அது.

யுத்தம் முடிந்த பின்னர் கொஞ்சம் திறந்தது. 2011 மார்ச்சில் யாழ்ப்பாண இசை விழா நடந்தபோது நாங்கள் மூன்று பேர் பஸ் மாறி மாறிப் போனோம். தீவின் பல மூலைகளின் நாட்டார் இசையும் வெளிநாட்டுக் குழுக்களும் ஒரே திடலில். 2013, 2015 என்று அது தொடர்ந்தது. இடையில் காலியில் நடந்தது. எனக்குப் பிடித்தது என்னவென்றால், மேடையில் இருந்தவர்களில் அநேகரின் பெயர் பார்வையாளர் யாருக்கும் தெரியாது, ஆனாலும் சனம் எழுந்து போகவில்லை. பிறகு 2019 ஏப்ரல் 21. தாக்குதலுக்குத் தலைமை தாங்கியவன் எங்கள் ஊரான் என்பதால் காத்தான்குடி என்ற பெயரே ஒரு குற்றச்சாட்டாக மாறிப்போனது. அந்த ஆண்டு எங்கள் பகுதி ஒலிபெருக்கிக் கடைகளில் பெட்டிகள் தூசு பிடித்துக் கிடந்தன. அதற்கடுத்து கொரோனா. அதற்கடுத்து 2022, ஒருநாளைக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு, ஜெனரேற்றருக்கு டீசல் இல்லை. எத்தனையோ பேர் கீபோட்டையும் கிற்றாரையும் விற்றார்கள். வாங்கவும் ஆளில்லை என்பது வேறு கதை.

இப்போது பெரிய நிகழ்ச்சிகள் திரும்பிவிட்டன. தென்னிந்தியாவில் இருந்து பாடகரும் நடிகரும் வருகிறார்கள். 2024 பெப்ரவரி 9 ஆம் திகதி யாழ்ப்பாணம் முற்றவெளியில் நடந்ததைப் பலரும் பார்த்திருப்பீர்கள். சனம் தடுப்புகளை உடைத்துக் கட்டணப் பகுதிக்குள் புகுந்து, நிகழ்ச்சி இடையில் நின்று, ஒரே அமளி. அதற்காக இளைஞர்களை மட்டும் திட்டித் தீர்த்தவர்களோடு நான் உடன்படவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை வானத்திலிருந்து இறங்கும் ஒரு நிகழ்ச்சிக்கு அப்படித்தான் கூட்டம் வரும். மாதத்துக்கு ஒருமுறை நூறு பேர் இருந்து கேட்கும் சின்ன நிகழ்ச்சி பத்து ஊரில் நடந்திருந்தால், இருந்து கேட்கும் பழக்கமும் சேர்ந்தே வளர்ந்திருக்கும்.

ஆட்கள் இல்லாமலில்லை. கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. 'யாழ் நூல்' எழுதியவரின் பெயரில் இயங்கும் அந்த இடத்தில் ஆண்டுதோறும் இசையும் நடனமும் நாடகமும் படித்து வெளியேறுகிறார்கள். அவர்களில் பெரும்பாலானோர் ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திருப்பவர்கள். கலைஞராக வாழ இங்கே வழி இருக்கிறது என்று அவர்களிடம் சொல்ல யாருக்கும் துணிச்சல் இல்லை. இன்னொரு பக்கம் மட்டக்களப்புப் பறங்கியர். போர்த்துக்கேயக் கிரியோல் மொழியில் பாட்டும், வயலினும் தாளக் கருவிகளுமாகக் கஃப்ரிஞ்ஞா ஆட்டமும் அவர்களின் கல்யாண வீடுகளில் பிழைத்திருந்தன. 2004 சுனாமி டச்பார் பகுதியில் அவர்களில் பலரைக் கொண்டுபோனது. எஞ்சியதை ஒலியிலும் ஒளியிலும் பதிவுசெய்யும் வேலையை லிஸ்பன் பல்கலைக்கழகத்தின் ஹூகோ கார்டோசோ தலைமையில் ஆய்வாளர்கள் செய்திருக்கிறார்கள். லிஸ்பனில் இருந்து வந்து கேட்டார்கள். கல்லடிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் எங்களில் எத்தனை பேர் ஒருமுறையாவது கேட்டோம்?

அந்தப் பாலத்தடியில் பாடும் மீனைக் கேட்கிற பழைய முறை ஒன்று உண்டு. நிலாக் காலத்தில் வள்ளத்தில் போய், துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரில் விட்டு மறுநுனியைக் காதில் வைத்துச் சும்மா இருக்க வேண்டும். சில இரவு ஒன்றும் கேட்காது. அப்படியும் சனம் போனது.

புலம்பெயர்ந்து இருப்பவர்கள் கேட்பார்கள், நாங்கள் என்ன செய்யலாம் என்று. பாண்ட்காம்ப் போன்ற தளத்தில் ஒரு தொகுப்பை வாங்கினால், தளம் எடுப்பது டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம். பெரும்பகுதி கலைஞருக்குப் போகிறது. 2020 மார்ச்சில் இருந்து சில வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பங்கையும் எடுப்பதில்லை. ஆனால் அந்தப் பணம் பேபால் வழியாகப் போகிறது. இலங்கையில் இருப்பவர் பேபாலால் காசு கொடுக்கலாம், வாங்க முடியாது என்ற நிலைதான் நீண்ட காலமாக இருந்து வருகிறது. எனவே மட்டக்களப்பில் ஒரு பொடியன் பாட்டைப் போட்டாலும், காசை வாங்க லண்டனில் ஒரு மாமாவைத் தேட வேண்டியிருக்கிறது. மாமா இருப்பவர்கள் உதவுங்கள். அதைவிட எளிது, ஊருக்கு வரும்போது ஒரு சின்ன நிகழ்ச்சிக்கு ரிக்கெற் வாங்கிப் போய் இருப்பது. 'பாஸ்' கேட்காதீர்கள். தெரிந்தவர் என்று இலவசமாக நுழைவதுதான் சின்னக் குழுவைக் கொல்லும் முதல் காரியம். அங்கே வருகிறவர்கள் எல்லோருமே தெரிந்தவர்கள்தானே.

தொழில் தெரிந்தவன் என்ற முறையில் ஒன்று: ஒலி. எங்கள் பகுதியில் ஒலிபெருக்கிக்காரர் வந்ததும் முதலில் எக்கோவைத்தான் கூட்டுவார். அரசியல்வாதி பேச அது நல்லது. மெல்லிய கிற்றார் ஒலியில் தொடங்கி மெல்ல மெல்ல ஏறும் பாட்டுக்கு அது நஞ்சு. எக்கோவை முழுதாகக் குறையுங்கள், பெட்டிகளைக் கூட்டத்தின் தலைக்கு மேலே உயர்த்துங்கள், வாசிப்பவருக்குத் தன் சத்தம் கேட்க மேடையில் ஒரு மொனிற்றர் பெட்டி வையுங்கள். நூறு பேருக்கு இரண்டு நல்ல பெட்டி போதும். மதில்போல எட்டுப் பெட்டி அடுக்குவது பார்ப்பதற்குத்தான்.

இதை எழுதும்போது ஒரு காரியம் கையில் இருக்கிறது. கல்லடிப் பக்கத்தில் நாலு பொடியன்கள், வடமோடித் தாளக்கட்டு ஒன்றை பேஸ் கிற்றாரில் வைத்து, மத்தளமும் கீபோட்டும் சேர்த்து, பதினாலு நிமிடத்தில் ஒரு பாட்டுச் செய்திருக்கிறார்கள். வார்த்தை குறைவு. ஏழில் தொடங்கி இடையில் ஐந்துக்குப் போகிறது. போகிற இடத்தில் இன்னும் கொஞ்சம் தடுமாறுகிறார்கள். கேட்டுவிட்டு நாங்கள் சிலர் ஒரு கொப்பியில் பெயர் எழுதத் தொடங்கினோம். ஆளுக்கு 1500 ரூபா, நிகழ்ச்சிக்கு முன்பே கட்டவேண்டும். இன்றைக்கு 27 பெயர். காத்தான்குடியில் இருந்து பதினொன்று, ஆரையம்பதியில் இருந்து ஒன்பது, மிச்சம் கல்லடியும் நகரமும். 40,500 ரூபா. ஜெனரேற்றர் ஒருவர் சும்மா தருகிறார். பெட்டி என் பொறுப்பு. மண்டபத்துக்கும் பொடியன்களின் கைக்குக் கொடுக்கவும் இன்னும் இருபது பெயராவது வேண்டும். பேஸ் வாசிக்கிற தம்பிக்குக் கட்டார் விசா வந்துவிட்டது. மாதக் கடைசியில் பறக்கிறான். இஷாத் தொழுகை முடிந்து தொடங்குவதாக அதற்கு முந்திய சனிக்கிழமையைக் குறித்திருக்கிறோம். கொப்பி என் கடையில்தான் இருக்கிறது.